கோடை யாருடையது?

மே மாதம் பிறந்தால் நம் ஜனரஞ்சகப் பத்திரிகைகளுக்கு மலைஜுரம் கண்டுவிடுகிறது. ஏரி, படகு, கம்பளிச் சட்டை, சூடாக மிளகாய் பஜ்ஜி. கொடைக்கானல் கட்டுரையில் ஊர்ப்பெயரை அடித்துவிட்டு ஊட்டி என்று போட்டாலும் குடி முழுகிவிடாது. தொடர்கதைக்காரர்களும் கதை முட்டிக்கொண்டு நிற்கும்போது நாயகனையும் நாயகியையும் மலைக்கு ஏற்றிவிடுகிறார்கள். மிச்சத்தை மூடுபனி எழுதிக்கொள்ளும். சரக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் ‘கோடை வாசஸ்தலம்’ என்ற சொல்லைச் சிறுபத்திரிகைக்காரர்களான நாமும் ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்கிக்கொண்டோம் என்பதுதான் என் புகார். தூத்துக்குடியில் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு அந்தச் சொல் உறுத்துகிறது.

நம் கவிதை மரபில் வேனில் மலைக்கு உரியதே அல்ல. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பொழுது யாமம். வேனிலும் நண்பகலும் பாலைக்கு, பிரிவுக்கு. அகக்கவிதையின் தலைவன் வெயிலுக்கு உள்ளே நடந்து போகிறவன், வெயிலுக்குத் தப்பி மேலே ஏறுகிறவன் அல்லன். கோடை என்ற சொல்லே மேல்காற்றையும் குறித்தது. கோடை என்று பெயர் கொண்ட மலையும் அதற்குக் கடியநெடுவேட்டுவன் என்ற தலைவனும் புறநானூற்றில் உண்டு. அவனும் வேட்டுவன்தான், உடம்பு தேற வந்தவன் இல்லை.

மலையைக் கோடைக்கு எழுதிவைத்தவன் வெள்ளைக்காரன். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டியது உல்லாசத்துக்காக அல்ல. சமவெளியின் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பிள்ளைகளைச் சாகக்கொடுத்த பயத்தில். நீலகிரியில் ஜான் சல்லிவன் அதற்கும் முன்பே உதகையை நிறுவிவிட்டார். பின்னால் சென்னை ராஜதானியின் சர்க்காரே கோடைக்கு அங்கே குடிபெயர்ந்தது. மரணபயம் அந்தஸ்தாக மாறிய கதை இது. நாம் எடுத்துக்கொண்டது அந்தஸ்தை மட்டும். பயத்தை விட்டுவிட்டதால்தான் நம் மலை எழுத்து இவ்வளவு சோகையாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

கால்டுவெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இடையன்குடியின் தேரி மணலில் ஆயுளைக் கழித்தவர், பிந்திய வருஷங்களில் தூத்துக்குடியில் இருந்தவர், 1891 ஆகஸ்டில் இறந்தது கொடைக்கானலில். அடக்கமோ இடையன்குடியில். குளிரிலிருந்து காய்கிற மணலுக்கு இறங்கிவந்த அந்தக் கடைசிப் பயணத்தில், நம் பயணக் கட்டுரைகள் அத்தனையிலும் இல்லாத ஒரு நாவல் இருக்கிறது.

இந்தக் கரையில் கோடை என்றால் வேலை. முத்துச் சலாபம் பெரும்பாலும் மார்ச்சிலிருந்து மே வரைதான் நடந்தது. வாடை ஓய்ந்து, கச்சான் எழும்புவதற்குள் கடல் தெளிந்து கிடக்கும் இடைவெளியில். துரைமார் குடும்பங்கள் மலையேறிய அதே வாரங்களில் இங்கே குளியாட்கள் கல்லில் கால் வைத்துப் பாருக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு மூச்சடக்கியவனுக்கு. 1955 தொடங்கி 1961 வரை நடந்த சலாபங்களோடு அது முடிந்துபோயிற்று. உப்பளம் முடியவில்லை. அங்கே வெயில்தான் முதல். மழை பெய்தால் நஷ்டம்.

ராஜம் கிருஷ்ணனைத் ‘தகவல் திரட்டி எழுதுகிறவர்’ என்று ஓரங்கட்டுவது நம் வட்டத்தில் பழக்கம். தகவல் துருத்திக்கொண்டு நிற்பது உண்மை. பாத்திரங்கள் சில இடங்களில் ஆசிரியையின் கட்டுரையைப் பேசுவதும் உண்மை. ஆனால் மலையைக் ‘குறிஞ்சித்தே’னிலும் (1963) இந்த உப்பளத்தைக் ‘கரிப்பு மணிக’ளிலும் (1979) எழுதியவர் ஒரே ஆள். முதல் நூலில் மலை படகர்களுக்கு வீடு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ அங்கே காலத்தை அளக்கிறது, மே மாதம் அல்ல. இரண்டாவதில் வெயில் வர்ணனையாக வரவில்லை, உடம்பில் வருகிறது. காலில், கண்ணில், கூலியில். நடை சுமார்தான். இருந்தும் இரண்டு நிலங்களையும் விருந்தாளியின் கண்ணால் பார்க்க மறுத்த அந்தப் பிடிவாதத்தை, நடை நன்றாக வாய்த்த நம் கவிஞர்கள் பலரிடம் நான் காணவில்லை.

புதுமைப்பித்தனுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. ‘துன்பக்கேணி’யின் மலை இலங்கைத் தேயிலை மலை. கொழும்புக் கப்பல் போன காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் ஏழைகள் தூத்துக்குடித் துறை வழியாகவும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அதே மலைநாட்டில் நுவரெலியாவில் ஏப்ரல் பிறந்தால் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி. இரண்டும் ஒரே குளிர்.

இன்றைக்கும் கணக்கு விநோதமாகத்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் வந்ததும் இதே பருவத்தில். இங்கே படகைக் கரையேற்றிச் சாயம் அடிக்கிறார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுகிறார்கள், வலை பொத்துகிறார்கள். கடன் கொடுத்தவனும் அந்தப் பக்கம் வந்து போகிறான். ஓய்வுதான், யாரும் கேட்டு வாங்காத ஓய்வு. ஊரில் இதற்குத் தடைக்காலம் என்று பெயர். மூடுபனிக் கவிதை எழுதுகிற நண்பர்கள் ஒரு மே மாதத்தை மீன்பிடித் துறைமுகத்தில் கழித்து எழுதி அனுப்பினால், வரிக்கு வரி வாசிக்க நான் தயார்.