கைசிக த்வாதசியில் கொடுக்கப்பட்டது எது?

ஸ்ரீவராஹபுராணத்தில் வராஹநாயனார் பூமிப்பிராட்டிக்கு உரைத்ததாக அமைந்த கைசிக மாஹாத்ம்யம், பெயரளவில் ஒரு விரதத்தின் பெருமையைச் சொல்ல வந்த நூல். கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசியில் உபவாஸமிருந்து, இரவெல்லாம் கண்விழித்து, த்வாதசி விடியலில் நிறைவு செய்யும் விரதம் அது. ஆயினும் நூலைத் தொடர்ந்து வாசிப்பவர், உபவாஸத்தைப் பற்றிய பேச்சு அதில் எவ்வளவு குறைவு என்பதைக் காணத் தவறமாட்டார். எது உண்ணலாம், எது விலக்கவேண்டும் என்னும் விதிகளுக்கு அங்கே இடமில்லை. குறுங்குடி மலையடிவாரத்தில் பிறப்பால் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு பாணன் இரவில் பாடப் போகிறான். வழியில் ஒரு ப்ரஹ்மரக்ஷஸ் மறிக்கிறது. அவன் சபதம் செய்து விடைபெற்று, பாடி முடித்து, சொன்னபடி திரும்பி வருகிறான். விரதத்தின் இலக்கணம் முழுவதும் இந்தப் போக்கிலும் வரவிலும் அடங்கிவிடுகிறது.

கூரத்தாழ்வான் திருக்குமாரரான பராசர பட்டர் இதற்கு மணிப்ரவாள நடையில் உரை அருளிச்செய்தார். திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே பட்டர் வம்சத்தார் இதனை வாசிப்பதும், த்வாதசிக் காலையில் கர்ப்பூரப் படியேற்றம் நடப்பதும் இன்றளவும் உள்ள வழக்கம். திருக்குறுங்குடியில் இதே இரவில் நடிக்கப்படும் கைசிக நாடகம், வழக்கிழந்து கிடந்து, பேராசிரியர் சே. இராமானுஜத்தின் முயற்சியால் 1999-இல் மீண்டும் மேடை கண்டது. ஓரிடத்தில் வாசிப்பாகவும் மற்றோரிடத்தில் கூத்தாகவும் வாழும் இந்நூல், அச்சிட்ட சிறு வெளியீடுகளில் மட்டும் வேறு உருவம் கொள்கிறது. அங்கே அது ஒரு பலன்பட்டியல். ஒரு பாட்டின் பலனைக் கொடுத்தே ஓர் அரக்கனைக் கரையேற்ற முடிந்ததானால், முழு ஏகாதசிக்கு எத்தனை பலன் என்று பெருக்கிக் காட்டுவது அவ்வெளியீடுகளின் போக்கு. இந்தப் பெருக்கலை நூல் தாங்குமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

திரும்பி வந்தவனைக் கண்ட ரக்ஷஸ், அவன் உடலை விட்டு அவன் பாட்டின் பலனைக் கேட்கிறது. முதலில் இரவு முழுதும் பாடியதன் பலன். மறுக்கவே ஒரு யாமத்தின் பலன். அதுவும் மறுக்கப்பட, கடைசியாகக் கைசிகப் பண்ணில் பாடிய அந்த ஒரு பாட்டின் பலன். பார்வைக்கு இது சந்தையில் விலை குறைக்கும் பேச்சு. ஆனால் விலையைக் குறைத்துக்கொண்டே போவது வாங்குபவன். விற்பவன் எந்த விலையும் சொல்லவில்லை. நம்பாடுவானின் மறுப்பில் கருமித்தனம் சிறிதும் இல்லை. தான் தருவதாகச் சொன்னது உடலை. அதைத் தின்றுகொள், பாட்டைக் கேட்காதே என்பதே அவன் நிலை. உயிரைக் கொடுக்கத் தயங்காதவன் பாட்டைக் கொடுக்க ஏன் தயங்கினான்? வெளியீடுகள் இக்கேள்வியை எழுப்புவதே இல்லை. எழுப்பியிருந்தால் பெருக்கல் வாய்பாடு அங்கேயே நின்றிருக்கும்.

விடை கதையின் முற்பகுதியிலேயே இருக்கிறது. ரக்ஷஸ் முதலில் மறித்தபோது அவன் விடைகேட்ட காரணம், இந்த விரதம் எம்பெருமானுடைய உகப்புக்காக ஏற்றது, அது முடியட்டும் என்பது. உகப்பு அவனுடையதென்றால் பலனும் அவனுடையதே. பாடினவன் கையில் எஞ்சி நிற்பது ஒன்றுமில்லை. தன் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்லக் கூசுகிறான் அவன். ப்ரபந்நனுக்கு விரதம் உபாயமன்று, கைங்கர்யமே என்பதில் இரு கலையாருக்கும் வேறுபாடில்லை. ஸ்வாமி தேசிகன் ஆஜ்ஞா கைங்கர்யம், அநுஜ்ஞா கைங்கர்யம் என்று பிரித்துக் காட்டியதும் இந்த அடிப்படையில்தான். அந்தச் சித்தாந்தம் சூத்திரமாக எழுதப்படுவதற்கு முன்பே, ஒரு பாணனுடைய மறுப்பில் அது உருவாகி நிற்கிறது. இதை எதிர்த்திசையில் இழுத்து, உபாயமன்றாகில் உபவாஸமும் வேண்டாம், விழிப்பும் வேண்டாம் என்பாரும் உண்டு. அவர்கள் வாதத்துக்கு இக்கதையில் இடமே கிடையாது: பலனில் ஒட்டற்றவன்தான் அந்த இரவை விட்டுவிடாதிருக்க 18 சபதங்கள் செய்கிறான்.

அப்படியானால் கடைசியில் கொடுத்தது எது? இங்கே ஸ்ரீமத்பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்து அம்பரீஷன் கதையை அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். இரண்டும் கார்த்திகையில் நிகழ்பவை. இரண்டும் த்வாதசியில் முறுக்கேறுபவை. ஓராண்டு த்வாதசி விரதம் ஏற்ற அரசன், முடிவில் மூன்று இரவு உபவாஸமிருந்து பாரணைக்கு அமரும் வேளையில் துர்வாஸர் விருந்தாக வருகிறார். நீராடப் போனவர் திரும்பவில்லை. த்வாதசி கழிய அரை முஹூர்த்தமே மிச்சம்: 1 நாழிகை, இன்றைய கணக்கில் 24 நிமிஷம். உண்டால் விருந்தினரை அவமதித்த பிழை. உண்ணாவிடில் விரதத்துக்குக் குறை. தண்ணீரை மட்டும் பருகி இரண்டுக்கும் நடுவே நிற்கிறான் அரசன். சினந்த முனிவரைத் திருவாழி துரத்த, அவர் ஓடித் திரிந்த ஓராண்டும் அரசன் தண்ணீரே உணவாகக் காத்திருக்கிறான்.

நம்பாடுவானுக்கும் த்வாதசியன்று ஒரு விருந்தினர் உண்டு. பசித்துக் கிடக்கும் அந்த ரக்ஷஸ் முற்பிறப்பில் அந்தணன். மந்திரமும் முறையும் பிழைபட வேள்வி செய்து, அது முடியுமுன் மாண்டவன். அரசனிடம் விருந்தினருக்கு இட அன்னம் இருந்தது. பாணனிடம் இருந்தது உடல் ஒன்றே. அதையே பாரணைக்குரிய அன்னமாக எடுத்துக்கொண்டு விடியலில் விரைந்து நடக்கிறான். வழியில் எம்பெருமான் முதியவராய் வந்து, இப்படிப்பட்ட இடத்தில் வாக்குத் தவறினால் குற்றமில்லை என்று தடுத்தும் அவன் நிற்கவில்லை. விருந்தினரை விட்டு உண்ணலாகாது என்னும் த்வாதசி தர்மம் இதைவிடக் கடுமையாக வேறெங்கும் சோதிக்கப்படவில்லை.

இரு கதைகளும் சொல்லமைப்பிலும் ஒன்றையொன்று நோக்குகின்றன. நம்பாடுவான் சபதங்கள் எல்லாம் ‘ஆகில்’ என்னும் நிபந்தனையில் தொங்குபவை: நான் திரும்பி வாராதொழியில் இன்ன பாபம் என்னைச் சேரட்டும். நாராயணனை மற்றைத் தெய்வங்களோடு ஒப்பாக எண்ணும் பாபத்தை அவன் சொன்னபிறகே ரக்ஷஸ் வழிவிடுகிறது. அம்பரீஷன் திருவாழியை வேண்டும்போதும் ‘ஆகில்’ வருகிறது: நான் கொடுத்ததும் வேட்டதும் ஸ்வதர்மத்தை நன்கு நடத்தியதும் உண்டாகில் இந்த அந்தணர் தாபம் தீரட்டும். முன்னது தன்மேல் இட்டுக்கொண்ட சாபம், பின்னது பிறன்மேல் இட்ட அருள். இரண்டிலும் புண்ணியம் கைமாறும் பொருளாக எண்ணப்படவில்லை. உண்மைக்குச் சாட்சியாக முன்னிறுத்தப்படுகிறது. நம்பாடுவான் கடைசியில் ஒரு பாட்டின் பலனைக் கொடுத்ததையும் இந்த ஒளியில் படிக்கவேண்டும். மூன்றாம் முறை கேட்டபோது மாறியது விலையன்று, கேட்டவனுடைய நிலை. அதுவரை உண்ணவந்த அரக்கன், அப்போது தன் பழைய வேள்வியின் குறையைச் சொல்லிச் சரணமடையும் ஒருவன். சரணமென்று வந்தவனுக்கு, என்னிடம் பலன் இல்லை என்னும் ஸித்தாந்தத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது கருணைக்குப் பொருந்தாது.

ஆசார்யஹ்ருதயத்தில் அழகியமணவாளப் பெருமாள் நாயனார் இந்நிகழ்ச்சியை எடுத்தாளும் முறையும் இதற்குத் துணை நிற்கும். அந்தணனுடைய வேள்விக் குறையை இவன் பாட்டு முடித்ததாகவே அவர் பார்வை செல்கிறது. ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குப் பலன் மாறிற்று என்பது வேறு. அறுந்த வேள்வியை ஒரு பாட்டு தைத்தது என்பது வேறு. முன்னதில் கொடுத்தவனுக்கு ஒரு பாட்டளவு குறையவேண்டும். நம்பாடுவானுக்கோ எதுவும் குறையவில்லை.

இவ்விவாதம் பெரிய திவ்யதேசங்களில் வாசிப்புக் கேட்பவர்களைவிட, அவற்றுக்கு அப்பால் இருப்பவர்களுக்கே நெருக்கமானது. நடுநாட்டுத் திவ்யதேசங்கள் திருக்கோவலூர், திருவஹீந்திரபுரம் என்று இரண்டே. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மயிலம் செல்லும் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டு, நெடுஞ்சாலையின் ஓட்டத்தால் எல்லா இரவுகளிலும் கண்விழித்திருக்கும் ஊர். இரவுத் தொழில் செய்பவன் அங்கே ஏகாதசியை எப்படிக் கொண்டாடுவது என்று கேட்டால், பலன்பட்டியல் அவனுக்குக் கைகொடுக்காது. கோயிலுக்குப் போக முடியாத இரவை அது கழித்தலாகவே காட்டும். கைசிக மாஹாத்ம்யம் அப்படிக் காட்டாது. அதன் நாயகனே ஸந்நிதிக்குள் புக இயலாமல் தூரத்தே நின்று பாடினவன். இன்னொன்றும் நினைக்கத்தக்கது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் முற்காலத்து ஓய்மாநாட்டின் ஊர். அந்நாட்டு நல்லியக்கோடனிடம் பாணர்களை ஆற்றுப்படுத்த எழுந்ததே சிறுபாணாற்றுப்படை. யாழோடு வழிநடக்கும் பாணன் இந்த மண்ணுக்குப் புதியவனல்லன். அந்நூலின் பாணன் பரிசில் நாடி நடந்தான். நம்பாடுவானோ வீணையோடு பரிசில் வேண்டாத பாட்டுக்கு நடந்தான், பிறகு அதே வழியில் தன்னைக் கொடுக்கத் திரும்பினான்.

திதியைக் கணக்கிடும் நுட்பத்தையும் இவ்விடத்தில் தொடவேண்டும். அருணோதயத்தில், அதாவது உதயத்துக்கு 4 நாழிகை முன்பே, தசமி தொட்டிருந்தால் அன்றைய ஏகாதசியை வைஷ்ணவர் விட்டு மறுநாள் உபவாஸமிருப்பர். 2021-இல் திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 14 அன்று, கார்த்திகையிலேயே நடந்தது. பிற தலங்களில் 2022 ஜனவரி 13. இத்தகைய வேறுபாடுகளைப் பெரும் பிழையாகப் பேசித் தீர்ப்பவர்கள் உண்டு. 96 நிமிஷ நுட்பத்தைக் காப்பது ஆஜ்ஞையைக் காப்பதாகையால் அதில் இளக்காரம் கூடாது. ஆனால் அதே அக்கறை, த்வாதசி விடியலில் வாசலில் பசித்து நிற்பவன் யார் என்று பார்ப்பதிலும் இருக்கவேண்டும். அம்பரீஷன் 24 நிமிஷத்தைக் கணக்கிட்டது விருந்தினர் பொருட்டுத்தான்.

பட்டர் நம்பெருமாள் முன்பு இந்நூலை வாசித்தபோது பெருமாள் உகந்து மேல்வீடு தந்தருளினார் என்பது குருபரம்பரை வரலாறு. வாசித்ததற்கு விலையாக அதைக் கொள்வாரில்லை. பட்டர் கேட்டு வாசிக்கவில்லை. நம்பாடுவானும் கேட்டுப் பாடவில்லை. கேட்டவன் கதையில் ஒருவனே. அவனுக்குத்தான் ஒரு பாட்டு போதுமாயிருந்தது.