ஸ்ப்ரே கரை சேர்ந்த விதம்

பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். 1900-இல் நூலாக வந்த அவருடைய பயணக் கதையைப் படித்தவர்கள் மெகல்லன் நீரிணையில் அவர் பட்ட பாட்டைச் சொல்வார்கள். இரவில் படகேறி வரும் கொள்ளைக்காரர்களின் காலில் குத்தட்டும் என்று தளம் முழுக்க அவர் ஆணி தூவி வைத்ததைச் சொல்வார்கள். எனக்கு அந்த நூலில் உயிரானது கடைசிப் பகுதி. ஊர் திரும்புதலை இத்தனை நுட்பமாக எழுதிய கடலோடி வேறொருவரை நான் படித்ததில்லை.

1895 ஏப்ரல் 24-இல் பாஸ்டனை விட்டுக் கிளம்பிய ஸ்லோகம், 1898-இன் வசந்தத்திலும் கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறார். முதல் திரும்புதல் நடுக்கடலில் நிகழ்கிறது. மே 8 அன்று, பிரேசிலுக்கு அப்பால், 1895 அக்டோபர் 2-இல் தான் கடந்துபோன வழியை அவருடைய படகான ஸ்ப்ரே குறுக்காக வெட்டுகிறது. உலகம் சுற்றியாகிவிட்டது. ஆனால் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தண்ணீரில் தடம் நிற்பதில்லை. அருகிலிருந்த ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவையும் இரவில் கடந்ததால் அவர் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் மட்டும் இருக்கிற ஒரு கோட்டைத் தாண்டியதற்கே அவர் மனம் நிறைந்துவிடுகிறது. இனி என்ன நடந்தாலும் பயணம் பதிவாகிவிட்டது என்ற நிம்மதி அது. அந்த நிம்மதியை யாரிடம் பகிர்ந்துகொள்வது? படகில் அவர் ஒருவர்தானே.

இரண்டு நாள் கழித்து வருவது இன்னும் அழகு. படகின் பக்கப் பலகைகளில் சிற்றலைகள் மோதும் ஓசை மாறுகிறது. எப்போதோ கேட்டு மறந்துபோன ஓசை. அதை வைத்தே, சாவோ ரோக்கி முனையைச் சுற்றி ஓடும் பெரிய நீரோட்டத்துக்குள் வந்துவிட்டோம் என்று அவர் தெரிந்துகொள்கிறார். கண்ணுக்குக் கரை இல்லை. காதுக்கு இடம் தெரிந்துவிட்டது! படகைத் தன் போக்கில் விட்டுவிட்டு அந்த ஓசையைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறார். பெரிய கப்பல்களில் தலைவனாகக் கடலைத் தாண்டிய பழைய நாட்கள் அந்தச் செவிக்குள் இருந்தன. தெரிந்தவர் குரலை வாசலில் கேட்டதும் முகம் மலர்வதுபோல அவர் மலர்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் நிலநடுக்கோடு. 1895 இலையுதிர்காலம் முதல் உலகின் தென்பாதியிலேயே அலைந்தவருக்குத் துருவ நட்சத்திரம் மறுபடி அடிவானத்துக்கு மேல் வருகிறது. கரீபியன் தீவுகளில் தங்கி, ஆன்டிகுவாவை விட்டு வடக்கே ஏறினால், காற்றே இல்லாத ஓரிடம். தளத்தின் மேல் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து மாலைதோறும் புத்தகம் படித்தேன் என்கிறார். அட்லான்டிக்கின் நடுவில், திறந்த தளத்தில், மூடியில்லாத சுடர்! அமைதியை வர்ணிக்க ஒரு பக்கம் எழுதியிருந்தாலும் இந்த ஒரு மெழுகுவர்த்திக்கு ஈடாகாது. அடிவானத்தில் இன்னொரு கப்பலும் அவரைப்போலவே காற்றுக்குக் காத்து நின்றது.

அதன்பின் புயல்கள். முன்பாயைத் தாங்கிய வடம் உச்சியில் அறுந்து, பாயோடு கடலில் விழுகிறது. ஏறிச் சரிசெய்துகொண்டு வருகிறார். ஜூன் 25 அன்று, நியூயார்க் நகரத்தைச் சற்றுமுன் தாக்கிவிட்டு வந்த சூறாவளியையும் ஸ்ப்ரே தாங்குகிறது.

ஜூன் 27, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு நியூபோர்ட். ஸ்பெயினோடு போர் நடந்த நேரம் ஆகையால் துறைமுக வாயிலில் கண்ணிவெடிகள் மிதந்தன. 46,000 மைல் கடந்து வந்தவர், கடைசி மைலில் சொந்த நாட்டின் வெடிக்குத் தப்ப, பாறைகளை ஒட்டி ஒட்டிப் படகைச் செலுத்துகிறார். எந்த மாலுமியும் விலகியோடும் பாறை அன்று அவருக்குத் துணை. காவல் படகிலிருந்து ஒரு குரல் ஸ்ப்ரேயின் பெயரைச் சொல்லி அழைக்கிறது. அவ்வளவுதான் வரவேற்பு.

ஊர் திரும்பியதும் ஸ்ப்ரேயின் வருகையாளர் ஏட்டில் முதலில் கையெழுத்திட்டவரைப் பற்றி அவர் சொல்வதும் ஒரே வரிதான்: ஸ்ப்ரே திரும்பி வந்தே தீரும் என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஆணா, பெண்ணா, என்ன உறவு, ஒன்றும் இல்லை. பெயரை மறைத்ததாலேயே அந்த நம்பிக்கை பெரிதாகத் தெரிகிறது.

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஸ்ப்ரேவுக்கு அது போதவில்லை என்கிறார் ஸ்லோகம், மனக்குறை படகுக்குத்தான் என்பதுபோல. ஜூலை 3 அன்று நல்ல காற்றில் ஃபேர்ஹேவனுக்கு ஓட்டிப்போகிறார். அங்கே ஒரு மேய்ச்சல் நிலத்தில்தான், கைவிட்ட பழைய சிப்பிப் படகு ஒன்றைப் பதின்மூன்று மாதம் உழைத்து, 553 டாலர் 62 சென்ட் செலவில், ஏறக்குறைய ஒவ்வொரு பலகையையும் மாற்றி ஸ்ப்ரேயாக்கினார். தண்ணீரில் இறக்கிய அன்று படகைக் கட்டிவைக்கக் கரையில் அடித்த சீடர் மர முளை ஒன்று உண்டு. அதே முளையில் கயிற்றைக் கட்டுகிறார். இதைவிட வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியாது என்ற பொருளில் ஒரு சிறு வாக்கியம் எழுதுகிறார். அவருக்கு அப்போது நிலத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வீடு இல்லை. ஆகவே, வீட்டை அந்த முளையிலிருந்து அளக்கிறார். இத்தனை ஆண்டு கழித்தும் முளை நின்றது, கட்டவும் ஆள் வந்தார் என்பதை நினைக்கையில் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் நனைகிறது.

உடனே கணக்குக்குத் திரும்பிவிடுகிறார். கிளம்பியபோது இருந்ததைவிட ஒரு பவுண்டு எடை கூடியிருந்தாராம். படகில் துளி ஒழுகல் இல்லை. நூலின் பின்னிணைப்பில் ஸ்ப்ரேயின் வரைபடமும் பாய்களின் அமைப்பும் அளவுகளும் இருக்கின்றன. நீளம் 36 அடி 9 அங்குலம். அந்த அளவுகளை வைத்து அதன்பின் பல நாடுகளில் பலர் தங்களுக்கென்று ஸ்ப்ரேக்களைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள்.