உள்ளே ஒரு சுருள் ஈயம்

டெக்ட்ரானிக்ஸ் 545 ஆசிலாஸ்கோப்பின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் ரெசிஸ்டர்களும் கண்டென்சர்களும் பூத்தொடுத்தாற்போல் வரிசையாக இருக்கும். அருகிலேயே, பற்றவைப்பதற்கான ஒரு சிறு சுருள் ஈயம். தொழிற்சாலையே வைத்தனுப்பியது. பள்ளங்களுக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சைச் சாதாரண ஈயம் அரித்துவிடும். ஆகவே வெள்ளி கலந்த ஈயம். என்றைக்கோ ஸ்குரூ டிரைவரோடு வரப்போகிற யாரோ ஒருவருக்காக 1950-களிலேயே எடுத்துவைத்த சீதனம் அது.

545 அடிக்கடி படுக்கும். டஜன் கணக்கில் வால்வுகள், அத்தனையும் சூடு. ஆனால் தளர்ந்த வால்வைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினால் எழுந்துவிடும்.

1972-இல் அதே டெக்ட்ரானிக்ஸிடமிருந்து வந்த 465, 100 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டும். ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகலாம். வால்வுகளின் இடத்தில் டிரான்சிஸ்டர்கள். இதன் பரம்பரை நோய் டான்டலம் கண்டென்சர். மிளகளவுள்ள அது ஷார்ட் ஆனால் மின்வழங்கி முடங்கி, திரை இருண்டுவிடும். சர்வீஸ் கையேட்டை விரித்தால், எந்த இடத்தில் எத்தனை வோல்ட், எந்த அலைவடிவம் என்று சர்க்யூட் படத்தின் கூடவே அச்சிட்டிருக்கும். மல்டிமீட்டரும் பொறுமையும் போதும். பல டிரான்சிஸ்டர்கள் சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பதால், சில சமயம் ஒன்றைக் கழற்றித் திரும்பச் செருகுவதே மருந்து.

1980-களின் 2465 வேறு ஜாதி. 300 மெகாஹெர்ட்ஸ். நூற்றுக்கணக்கான உதிரிகளின் வேலையைச் சில ஐசிகள் செய்துவிடுகின்றன. இணைப்புகள் குறைவு, கோளாறும் அபூர்வம். ஆனால் அந்த ஐசிகள் டெக்ட்ரானிக்ஸ் தனக்கென்றே வடித்தவை. ஒளிப்புள்ளியைக் கிடைமட்டமாக ஓட்டும் யு800 என்ற ஐசி சூட்டில் செத்தால், கடையில் அதற்கு இணை கிடையாது. பெரும்பாலும் இறந்த இன்னொரு 2465-இன் வயிற்றிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

நோய் அண்டாத உடம்பு ஒன்று, வைத்தியம் பலிக்கும் உடம்பு இன்னொன்று. இரண்டும் ஓரளவு கூடிவந்தது 465-இல்தான்; என் மேஜைக்கு அதையே கேட்பேன். ஆனால் மனம் கொடுத்தது 545-க்கு. திறக்கும்போதெல்லாம் முதலில் அந்த ஈயச் சுருளைத்தான் பார்ப்பேன். சில சுற்றுகள் குறைந்திருந்தால், எனக்கு முன்னே ஒருவர் வந்து வைத்தியம் பார்த்துவிட்டு, மிச்சத்தை எனக்காக விட்டுப் போயிருக்கிறார்.