விளையும் நேரம் யாருடையது?

ஹே டே விளையாட்டில் கோதுமை இரண்டே நிமிடத்தில் விளைந்துவிடும். ஒரு கட்டத்தில் ஒன்று விதைத்தால் இரண்டு கிடைக்கும். எப்போது விதைத்தாலும் இரண்டு. விதை முளைக்கவில்லை, மழை பொய்த்துவிட்டது, பூச்சி தின்றுவிட்டது என்ற பேச்சே அங்கே கிடையாது. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையில் மானாவாரியாகச் சாமை விதைக்கிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 2 ரகத்துக்கே ஏறத்தாழ 85 நாள் பிடிக்கும், அதுவும் மழை கைகொடுத்தால்.

பண்ணை விளையாட்டுகள் நிஜ விவசாயத்தைக் காட்டவில்லை என்பது பழைய குறை. அதில் எனக்கு அக்கறை இல்லை. சதுரங்கம் போரைக் காட்டவில்லை என்று யாரும் புகார் சொல்வதில்லை. இளைப்பாறுவதற்காகத் திறந்த பண்ணை எந்த இடத்தில் இன்னொரு வேலையாக மாறுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் அதன் சுகத்தைச் சொல்லிவிட வேண்டும். உழைத்ததற்குப் பலன் உண்டு என்ற உறுதி வெளியுலகில் அரிது. அலுவலகத்தில் ஆறு மாதம் உழைத்த கோப்பு யாரோ ஒருவருடைய மேசையில் கிடக்கும். பண்ணை விளையாட்டில் தண்ணீர் ஊற்றினால் செடி வளரும். வளர்வது கண்ணுக்குத் தெரியும். 1996-ல் ஜப்பானில் ஹார்வெஸ்ட் மூன் விளையாட்டை உருவாக்கிய யசுஹிரோ வாடா, கிராமப்புறத்தில் வளர்ந்து தோக்கியோவுக்குப் பிழைக்க வந்தவர். சண்டை போடாமலே ஒரு விளையாட்டு சுவைக்கும் என்று நம்பி அதைச் செய்தார். இன்றுள்ள பண்ணை விளையாட்டுகளில் பெரும்பாலானவை அந்த வித்திலிருந்து முளைத்தவை.

2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் வந்த ஃபார்ம்வில் அந்த வித்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தது. ஹார்வெஸ்ட் மூனில் நாம் விளையாடும்போது மட்டும்தான் நாள் நகரும். பெட்டியை அணைத்தால் பண்ணையும் உறங்கிவிடும். ஃபார்ம்வில்லில் பண்ணையின் கடிகாரம் நம் வீட்டுக் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடியது. ஸ்ட்ராபெர்ரிக்கு நான்கு மணி நேரம், நெல்லுக்குப் பன்னிரண்டு, கோதுமைக்கு மூன்று நாள். விளைந்ததைக் காலத்தில் அறுக்காவிட்டால் வாடிப்போகும். ஆகவே எந்தப் பயிரை வைப்பது என்று தீர்மானிப்பது, அடுத்து எப்போது கணினி முன் உட்கார்வது என்று வாக்குக் கொடுப்பதாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு ஸ்ட்ராபெர்ரி வைத்தவர் இரண்டு மணிக்கு எழுந்த கதைகள் அன்று நிறைய உலவின. 2010-ன் தொடக்கத்தில் மாதம் எட்டுக் கோடிப் பேருக்கு மேல் அதை ஆடினார்கள்.

பயிர் வாடுவது தப்பான விதி என்று நான் சொல்லமாட்டேன். இழக்க எதுவும் இல்லாவிட்டால் விளைச்சலுக்கு ருசி ஏது? ஆனால் வாடிய பயிரை உயிர்ப்பிக்கும் வசதியையும் ஃபார்ம்வில்லை நடத்திய ஸிங்கா நிறுவனமே காசுக்கு விற்றது. நிலத்தை விரிவாக்க அக்கம்பக்கத்தாராக நண்பர்களைச் சேர்க்க வேண்டும். ஆள் சேரவில்லையா, அதற்கும் காசு. நோயைக் கொடுத்தவரே மருந்துக் கடையும் வைத்திருந்தார். (நம் ஊர் பூச்சிமருந்துக் கடைக்காரர் சிலருக்கு நினைவுக்கு வரலாம். பாவம், பூச்சியை அவர் உண்டாக்கவில்லை.)

இந்த வியாபாரத்தை யாரையும்விடக் கூர்மையாகப் பகடி செய்தவர் இயன் போகோஸ்ட். அவர் 2010-ல் வெளியிட்ட கௌ கிளிக்கரில் ஒரு பசுமாடு நிற்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சொடுக்கலாம். அவ்வளவுதான் விளையாட்டு. ஆறு மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் காசு கட்டலாம். கிண்டல் என்று தெரிந்தே ஆயிரக்கணக்கானோர் சொடுக்கினார்கள். 2011 செப்டம்பரில் எல்லா மாடுகளையும் அவர் காணாமல் போகச் செய்தார். அதற்குப் பிறகும் சிலர் மாடு நின்ற வெற்றிடத்தைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. நாளுக்கு நான்கு முறை ஒரு இடத்துக்குப் போய்ப் பழகிய கால், அங்கே வேலை இல்லை என்றாலும் போகத்தான் செய்யும்.

2012-ல் வந்த ஹே டே, ஃபார்ம்வில் தந்த பாடத்தைக் கற்றுக்கொண்டு வாடும் விதியை எடுத்துவிட்டது. எப்போது திரும்பி வந்தாலும் பயிர் அப்படியே நிற்கும். ஃபார்ம்வில்லை ஆடிக் களைத்தவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் நெருக்கடி களத்திலிருந்து களஞ்சியத்துக்கு இடம்பெயர்ந்தது. விளைந்ததைப் போட இடம் இருக்காது. இடத்தைப் பெருக்கப் பலகை, ஆணி, திருகு என்று ஒவ்வொன்றாகச் சேர வேண்டும். அவை நினைத்தபோது கிடைப்பதில்லை. ஒரு குழுவில் சேர்ந்துவிட்டால் வாரப் போட்டி வேறு. தன் பங்குப் பணியை முடிக்காதவரை நீக்கிவிடும் குழுக்கள் உண்டு. பயிர் வாடாவிட்டாலும் முகம் வாடும். ஃபார்ம்வில்லைவிடத் தந்திரமான ஏற்பாடு இது என்பேன்: அங்கே கடிகாரம் விரட்டியது, இங்கே சக மனிதர்கள் விரட்டுகிறார்கள், நிறுவனம் நல்லபிள்ளையாக ஒதுங்கி நிற்கிறது.

எரிக் பரோன் தனி ஆளாக நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்து 2016-ல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி, ஹார்வெஸ்ட் மூனின் பழைய வழிக்குத் திரும்பியது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிட்டால் முடிந்தது. ஒரு பருவத்துக்கு 28 நாள். காலை ஆறு மணிக்கு விழிப்பு, பின்னிரவு இரண்டு மணிக்குள் படுக்கை. அணைத்தால் நாள் நின்றுவிடும். தொடக்கத்தில் பூவாளியோடு ஒவ்வொரு கட்டமாகத் தண்ணீர் ஊற்றி அலுக்கும். தெளிப்பான் செய்துகொண்ட பிறகு கை ஓய்ந்து, மீன் பிடிக்கவும் சுரங்கத்துக்குள் போகவும் பொழுது கிடைக்கும். அலுப்பு குறைவதையே முன்னேற்றமாக வைத்த அமைப்பு அது. ஆனாலும் எந்தப் பயிரில் நாளொன்றுக்கு எவ்வளவு லாபம் என்று அட்டவணை போட்டு ஆடி, இரண்டாம் ஆண்டிலேயே சலித்து விட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் களைப்புக்கு பரோனைக் குறை சொல்ல முடியாது.

இனி சித்தேரிக்கு வருவோம். மலையாளிப் பழங்குடி மக்கள் அங்கே விதைக்கும் மானாவாரிச் சாமைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை இல்லை. உழவு, விதைப்பு, களை என்று முதுகொடியும் நாட்கள் உண்டு. கதிர் பிடித்தால் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க வேண்டும். அறுத்த பின் உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் தோளை வாங்கிய வேலை. ஆனால் நடுவில், பயிர் தானாக வளரும் வாரங்களில், வயல் யாரையும் கூப்பிடுவதில்லை. போய்ப் பார்க்காததற்காகச் சாமை கோபித்துக்கொள்ளாது. கைப்பேசிப் பண்ணைகள் வெட்டி எறிந்தது இந்த இடைவெளியைத்தான். இரண்டு நிமிடக் கோதுமைக்கு அடுத்து ஐந்து நிமிட மக்காச்சோளம், அதற்குப் பிறகு இருபது நிமிட சோயா. எதையாவது அறுக்காத நேரம் என்று ஒன்று கிடையாது.

விலையில் மட்டும் விளையாட்டுக்காரன் கொடுத்துவைத்தவன். ஹே டேயில் தெருவோரக் கடையில், ஒரு உச்சவரம்புக்குள், அவனே விலை எழுதி வைக்கிறான். தருமபுரி, சேலம் பக்கத்தில் ஒன்பது பத்து மாதம் மரவள்ளி வளர்த்தவர் கிழங்கைப் பிடுங்கி ஆலைக்கு ஏற்றிய பிறகு, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று அங்கே சொல்வதுதான் விலை. பிடுங்கிய கிழங்கு சில நாளில் கெட்டுவிடும் என்பதால் திருப்பிக்கொண்டு போகவும் வழியில்லை. இந்த விதியை அப்படியே எந்தக் கைப்பேசி விளையாட்டிலாவது வைத்தால் முதல் அறுவடையோடு ஆள் ஓடிவிடுவார். நானும் ஓடுவேன்.

ஆனால் சாமை வயலின் அந்த இடைவெளியை வைத்து ஒரு விளையாட்டு செய்யலாம். மழை வந்ததும் விதை; ஒருமுறை களை எடு; பிறகு விளையாட்டு தானாக மூடிக்கொள்ளட்டும், கதிர் முற்றும்வரை மணி அடிக்காமல் இருக்கட்டும். பன்றி வந்து பாதி தின்றால் தின்றதுதான். மீட்டுத் தரக் கடை இல்லை. ஸ்டார்டியூ வேலி போல ஒரேமுறை விலை வாங்கிக்கொண்டு விற்பவர் இப்படி ஒன்றைத் துணிந்து செய்யலாம். வாங்கியவர் மூன்று மாதம் எட்டிப் பார்க்காவிட்டாலும் விற்றவருக்கு நட்டமில்லை. இலவசம் என்று கொடுத்துவிட்டு, ஆடுபவர் திரும்பித் திரும்பி வருவதிலேயே வருமானம் பார்க்கிற நிறுவனத்துக்கு அந்த மூன்று மாதம் வெறும் தரிசு.