ஆற்றுப்படையும் அம்புக்குறியும்: திறந்த உலகக் கணினி விளையாட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

திறந்த உலகக் கணினி விளையாட்டுகள் குறித்த விவாதங்களில் ஓர் எதிர்நிலை தொடர்ந்து முன்வைக்கப்பட்டு வருகின்றது. விளையாடுவோன் தன் விருப்பின்படி அலைவது சுதந்திரம். விதிக்கப்பட்ட பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுவது கீழ்ப்படிவு என்பதே அது. இதனை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. வழி காட்டப்படுகின்றதா என்பதைக் காட்டிலும், அது யாரால், எம்முறையிற் காட்டப்படுகின்றது என்பதே ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

பெதெஸ்டா நிறுவனத்தின் இரு ஆக்கங்களை ஒப்பிட்டு நோக்குவோம். 2002இல் வெளிவந்த 'மொரோவிண்ட்' விளையாட்டிற் பணியை ஒப்படைக்கும் பாத்திரம் வழியை வாயாற் சொல்லும். பாலத்தைக் கட, கிழக்கே திரும்பு, பாறையைக் கண்டதும் மேலே ஏறு என்ற பாங்கில். சொன்ன வழி சிலவேளை பிழைத்துப்போவதும் உண்டு. 2006இல் வந்த 'ஒப்லிவியன்' திரையின் அடியில் ஒரு திசைகாட்டியை வைத்து, சேருமிடத்தை அம்புக்குறியாற் சுட்டியது. அன்றுதொட்டு விளையாடுவோன் நிலத்தைப் பார்ப்பதை விட்டுக் குறியைப் பார்த்து நடக்கலானான். 2011இன் 'ஸ்கைரிம்' பணிகளையே இயந்திரம் முடிவின்றிப் பிறப்பிக்கும் நிலைக்கு இதனை இட்டுச்சென்றது. பணி இருந்தது இரண்டிலுமே. உலகத்தை அறிந்தாலன்றிப் பணி முடியாது என்ற நிலை முன்னதில் மட்டுமே இருந்தது.

தமிழ் வாசகர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பரிசில் பெற்று மீள்வோன் எதிர்ப்படும் வறியோனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை மரபு நம்மிடம் உண்டு. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை எனவும் வழங்குவது, 583 அடிகளிற் பெரும்பகுதியை வழிக்கே ஒதுக்குகின்றது. பன்றிக்கு வைத்த பொறி, புனங்காப்போர் எறியும் கவண்கல், பாம்பு, வழுக்கும் நிலம், இராத் தங்குவதற்குரிய குகை என ஒவ்வொன்றும் அதில் எச்சரிக்கையாகவோ ஆறுதலாகவோ இடம்பெறுகின்றது. வழிநெடுக வாழ்வோரின் தொழிலும் உணவும் கூட வழியறிவின் பகுதியே. பெரும்பாணாற்றுப்படையில் உமணரும் எயினரும் கோவலரும் உழவரும் தத்தம் வாழ்வில் ஈடுபட்டிருக்கின்றனர். பாணன் அவர்களைக் கடந்து செல்கின்றான். இன்றைய விளையாட்டின் ஊரவனோ கதாநாயகன் வந்து பணி கேட்கும்வரை தலைக்குமேல் ஒரு குறியைத் தாங்கிக் காத்து நிற்கின்றான். உழைப்பு அங்கே வெறும் காட்சியாகிவிடுகின்றது.

எனினும் ஆற்றுப்படையை இலட்சியப்படுத்துவது நமது நோக்கமன்று. எத்துணை நுண்மையாக வழி விரிக்கப்படினும் அது முடிவது நன்னனின் வாயிலிலேயே. வழியின் செழுமை புரவலனின் புகழுக்கே துணைபோகின்றது.

அலைதலும் இவ்வாறே ஒரு புரவலனைச் சார்ந்துள்ளது. கோபுரத்தில் ஏறினால் வரைபடம் முழுவதும் சின்னங்களால் நிறையும் முறையை யூபிசொஃப்ட் நிறுவனம் பரவலாக்கியது. அச்சின்னங்களை ஒவ்வொன்றாக அழிப்பவன் கணக்குப்பிள்ளையேயன்றி அலைபவன் அல்லன். அந்நிறுவனமே 2018இல் 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி'யில் வழிகாட்டல் முறை, தேடல் முறை என இரண்டை வைத்துத் தெரிவை விளையாடுவோனிடம் விட்டது. சுதந்திரம் தெரிவுப்பட்டியலில் ஓர் உருப்படியானமை சிந்தனைக்குரியது. யப்பானியப் படைப்பான 'பிரெத் ஒஃப் த வைல்ட்' (2017) தொடக்க மேட்டுநிலத்தைக் கடந்தவுடனேயே இறுதிப் பகைவனிடம் நேரே போகவும் இடந்தருகின்றது. இது மெய்யான முன்னேற்றமே. ஆயினும் அதில் 900 விதைகள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளன. அனைத்தையும் சேர்த்தவனுக்கு இறுதியிற் கிடைப்பது நடைமுறைப் பயனற்ற ஒரு பொருள். ஆக்கியோரே சேகரிப்பு வெறியைக் கேலி செய்துள்ளனர் போலும்!

இவ்விவாதத்தில் நாம் பெரிதும் மதிப்பது 'எல்டன் ரிங்' (2022) விளையாட்டின் ஒரு கூற்றை. பணிப்பட்டியல் அதில் இல்லை. முன்சென்ற விளையாட்டாளர் நிலத்தில் எழுதிவிட்ட குறிப்புகளைப் பின்வருவோர் காண்பர். அவற்றுட் சில ஏமாற்றுவன, பல காப்பன. மலைபடுகடாத்தில் வழி கிளைக்குமிடத்திற் பின்வருவோர்க்காகப் புல்லை முடிந்து வைக்குமாறு கூத்தர்க்குச் சொல்லப்படுகின்றது. அம்முடிச்சைப் புரவலன் இடவில்லை, நடந்தவரே இட்டனர். அம்புக்குறிக்கும் புல்முடிச்சுக்கும் உள்ள வேறுபாடு உற்பத்தி செய்தவரைப் பற்றிய வேறுபாடாகும்.

சாவகச்சேரியிலிருந்து எழுதும் நமக்கு இது கேளிக்கை பற்றிய வினாவாக மட்டும் அமைவதில்லை. 2000இல் நடந்த போரில் இந்நகர் பேரழிவுக்குள்ளாயிற்று. 2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டது. 2009இற் போர் முடிந்த பின்னரும் அப்பகுதியிற் கண்ணிவெடி அகற்றல் பல்லாண்டு நீடித்தது. அத்தகைய நிலத்திற் குறியிட்ட தடத்தை விட்டு விலகுவதைச் சுதந்திரம் என எவரும் கொண்டாடார். குறியை நட்டவர் முதலில் அந்நிலத்தைத் தம் கையாலே சோதித்தவர் என்பதே அதற்குரிய மதிப்பு. மீசாலையிலும் வரணியிலும் வழி கேட்டால் இன்றும் ஆலமரத்தையும் ஒழுங்கையையும் சொல்லித்தான் அனுப்புவார்கள். கைத்தொலைபேசியின் நீலப்புள்ளியைப் பின்தொடரும் இளைய தலைமுறை அம்மரத்தின் பெயரைக் கேட்டறிய வேண்டிய தேவையின்றி ஊருக்குள் வந்துபோகின்றது.