கணிப்பொறிக் கிணறு

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் அமர்ந்தவாறே, திரெங்கானுக் கடலடியிலிருந்து எழும் எண்ணெயின் அழுத்தத்தைக் கணிப்பொறியால் கணித்தல் இயலும். ஆயின் அக்கணக்கின் அடிப்படை யாது? பிரிக்பீல்ட்ஸ் கடையில் சோடாப் புட்டியைத் திறந்தவர் அறிவர்: அழுத்தம் குறைந்ததும் கரைந்திருந்த வாயு குமிழாகி, நீர்மத்தை முந்தி மேலேறுகிறது. கிணற்றிலும் அதுவே, எண்ணெயும் நீரும் வாயுவும் ஒரே விரைவிற் செல்வதில்லை. பின்தங்கும் நீர்மம் குழாயில் எவ்வளவு இடங்கொள்கிறது என்பதே கணக்கின் உயிர்நிலை. அது பிழைத்தால் அடியழுத்தமும் பிழைக்கும்.

இன்றும் வழங்கும் பெக்ஸ்–பிரில் முறை 1973இல் வெளிவந்தது. அமெரிக்காவின் டல்சாவில், 90 அடி நீளமும் 1, 1½ அங்குல விட்டமும் உள்ள அக்ரிலிக் குழாய்களில் நீரையும் காற்றையும் செலுத்திக் கண்டது அது. எண்ணெய் ஒரு துளியும் அதில் இல்லை! குழாய் எவ்வாறு சாய்ந்திருப்பினும் கணக்கிடலாம் என்னும் அதன் பெருமையை மறுத்தற்கில்லை. எனினும் மெழுகு மிகுந்த டூலாங் எண்ணெய்க்கு அதனை ஆராயாது பொருத்துவது துணிச்சலே. நார்வேயின் ஓல்கா நிரல், 1980களில் 8 அங்குலக் குழாய்ச் சோதனைகளால் திருத்தம் பெற்றமையின், மேம்பட்டது. அதற்கும் கிணற்றுள் இறக்கிய அழுத்தமானியே உரைகல். அளவு கிடைத்தபின் அதற்கேற்ப எண்களைத் திருகிவிட்டு, கணிப்பு மெய்யாயிற்று என்பாரும் உளர். அளவாத மற்றொரு கிணற்றுக்கும் அவ்வெண்கள் பொருந்தினாலன்றி அது கணிப்பு ஆகாது.