தலைவிதிக்குப் புதுச் சட்டை

குளுவாங், சிகாமட் முதலிய ஜொகூர் ஊர்களில் மாணவர்க்கென நிகழும் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளை நாம் கேட்டிருக்கிறோம். பட்டினி கிடந்தேன், விடாது முயன்றேன், வென்றேன் என்பதே அவற்றின் சாரம். துன்பத்தை வென்றவர் தம் வாயாற் கூறுவது பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஊக்கமளிக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், அக்கதையில் பசிக்குக் காரணமான குறைந்த கூலி எங்கே? கைதூக்கிவிட்ட தோட்டப்பள்ளி ஆசிரியர் எங்கே?

1929-இல் மலாயா வந்த பெரியார், தலைவிதி என்னும் பேச்சைக் கண்டித்தவர். அவ்விதியைப் பிடுங்கிய இடத்தில் "எல்லாம் உன் முயற்சியே" என்பதை நட்டால், தோற்ற பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும். பழைய தலையெழுத்து புதுச் சட்டை அணிந்தது என்பதன்றி இது வேறென்ன?

ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' (1993) நாவலை நினைமின். 1942-43-இல் 415 கிலோமீட்டர் பாதையிட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். முயற்சி குன்றியா மாண்டனர்? அடியும் பட்டினியும் காலராவும் அல்லவா கொன்றன! மீண்டவர் கதை, மாண்டவரையும் சொல்லும்போதே உண்மையாகிறது.

மேடையேறும் அன்பர்களே, உங்கள் வெற்றியைக் கூறுங்கள். உடன் ஓடி வீழ்ந்தோரையும், அவர்களை வீழ்த்தியது எது என்பதையும் கூறுங்கள்.